யாழ்ப்பாணத்தின் பெயரில் நான்கு கிண்ணங்கள்

2024ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி இரவு, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் லங்கா பிறீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரின் இறுதிப் போட்டி நடைபெற்றது. முதலில் துடுப்பெடுத்தாடிய காலி மார்வெல்ஸ் அணி 6 விக்கெட்டுகளை இழந்து 184 ஓட்டங்களைக் குவித்திருந்தது. பானுக ராஜபக்ஷ மாத்திரம் 34 பந்துகளில் 82 ஓட்டங்களை விளாசியிருந்தார். இறுதிப் போட்டியொன்றில் இது எளிதில் எட்டக்கூடிய இலக்கன்று. ஆயினும் பதிலுக்கு ஆடிய ஜப்னா கிங்ஸ் அணி ஆரம்பத்திலேயே ஒரு விக்கெட்டைப் பறிகொடுத்த பின்னரும், மேலும் விக்கெட் எதனையும் இழக்காது 15.4 ஓவர்களில் வெற்றி இலக்கைக் கடந்தது. தென்னாபிரிக்காவின் ரைலி ரூசோ 53 பந்துகளில் 106 ஓட்டங்களுடனும், குசல் மெண்டிஸ் 72 ஓட்டங்களுடனும் ஆட்டமிழக்காது களத்தில் நின்றனர். ஐந்து தொடர்களில் யாழ்ப்பாணத்தின் பெயரில் வெல்லப்பட்ட நான்காவது கிண்ணம் அது.

அந்த ஐந்து தொடர்களிலும் ஒரு பந்துகூட யாழ்ப்பாண மண்ணில் வீசப்படவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை என ஆட்டங்கள் நடந்தேறின. யாழ்ப்பாணத்தவர் தமது பெயர் தாங்கிய அணியைத் தொலைக்காட்சித் திரையிலேயே கண்டனர். நான்காவது கிண்ணம் வெல்லப்பட்டு ஒன்பது மாதங்கள் கழிந்த நிலையில், 2025 ஏப்ரலில், ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறைவேற்றப்படவில்லை என்ற காரணத்தைக் கூறி ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரு அணிகளினதும் உரிமம் முடிவுறுத்தப்பட்டதாக இலங்கை கிரிக்கெட் நிறுவனமும் தொடரின் ஏற்பாட்டாளரும் அறிவித்தனர். தொடரின் மிக வெற்றிகரமான அணி ஓர் அறிக்கையுடன் இல்லாமற் போயிற்று. குடாநாட்டில் இதன் பொருட்டுப் பெரிய சலசலப்பு எதுவும் எழவில்லை. இந்த அமைதிதான் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. அவ்வணி உண்மையில் யாருடையது? அதன் வெற்றிகளால் இந்த மண்ணுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமற் போனது என்ன?

விளையாட்டுச் செய்திகளை ஆழ்ந்து வாசிக்காத வாசகர்களுக்காகச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. நகரங்களின் பெயரில் அணிகளை அமைத்து, அவற்றைத் தனியாருக்கு விற்று, உள்நாட்டு வீரர்களையும் வெளிநாட்டு வீரர்களையும் கலந்து ஆடவிடும் முறையை 2008இல் ஆரம்பமான இந்தியன் பிறீமியர் லீக் எமது பிராந்தியத்தில் பிரபலப்படுத்தியது. இலங்கையில் இதற்கான முதல் முயற்சி 2012 ஓகஸ்டில் ஸ்ரீலங்கா பிறீமியர் லீக் என்ற பெயரில் நடைபெற்றது. ஏழு மாகாண அணிகள் பங்குபற்றிய அத்தொடரில் வடக்குக்கும் ஓர் அணி இருந்தது. அதன் பெயர் 'உதுர ருத்ராஸ்'. 'உதுர' என்பது வடக்கைக் குறிக்கும் சிங்களச் சொல். போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த வேளையில் வடக்கின் அணிக்கு வடக்கின் மொழியில் ஒரு பெயர் சூட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை போலும். அத்தொடர் ஓராண்டுடன் நின்று போனது.

எட்டாண்டுகளின் பின்னர், 2020 நவம்பர் 26ஆம் திகதி, லங்கா பிறீமியர் லீக் ஆரம்பமானது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலம். ஆகையால் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகளும் தனிமைப்படுத்தலுக்கு உட்பட்டு, அம்பாந்தோட்டை சூரியவெவ மைதானத்தில், வெற்று ஆசனங்களுக்கு முன்னால் ஆடின. யாழ்ப்பாண அணிக்கு அப்போதைய பெயர் ஜப்னா ஸ்டாலியன்ஸ். புலம்பெயர் தமிழர் உள்ளிட்ட தொழில் முனைவோர் குழுவொன்று அதனை வாங்கியிருந்தது. திசர பெரேரா தலைவர். பாகிஸ்தானின் சொயிப் மலிக், மேற்கிந்தியத் தீவுகளின் ஜோன்சன் சார்ள்ஸ், உள்ளூரின் வனிந்து ஹசரங்க, அவிஷ்க பெர்னாண்டோ எனப் பலமான அணியே.

முதல் ஆட்டத்தில் காலியை எட்டு விக்கெட்டுகளால் வீழ்த்தி எடுப்பாகத் தொடங்கிய அணி, பின்னர் தடுமாறியது. எட்டு ஆட்டங்களில் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, முடிவில்லாத ஆட்டம் ஒன்று என்ற கணக்கில் 9 புள்ளிகளுடன் மூன்றாமிடத்தையே பெற்றது. ஆனால் இத்தகைய தொடர்களின் இயல்பு யாதெனில், முதற்சுற்றின் கணக்கு ஒன்று, இறுதிக்கட்டத்தின் கணக்கு இன்னொன்று. அரையிறுதியில் புள்ளிப்பட்டியலில் தனக்கு மேலேயிருந்த தம்புள்ளையை 37 ஓட்டங்களால் யாழ்ப்பாணம் வென்றது. ஜோன்சன் சார்ள்ஸ் பெற்ற 76 ஓட்டங்களே அன்று வேறுபாட்டை உண்டாக்கின. மறுபுறத்தில், எட்டு ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று நான்காவதாக வந்த காலி அணி முதலிடக் கொழும்பைத் தோற்கடித்து இறுதிக்கு வந்தது. டிசெம்பர் 16ஆம் திகதி இறுதிப் போட்டியில் யாழ்ப்பாணம் 188 ஓட்டங்களைக் குவித்தது. மலிக் 46 ஓட்டங்களைப் பெற, திசர பெரேரா 14 பந்துகளில் 39 ஓட்டங்களைச் சேர்த்தார். காலி 135 ஓட்டங்களுடன் நின்றது. முதல் சம்பியன் யாழ்ப்பாணம். 17 விக்கெட்டுகளை வீழ்த்திய ஹசரங்க தொடரின் சிறந்த வீரரானார்.

ஆனால் எமது பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தத் தொடரின் முக்கிய நிகழ்ச்சி இறுதிப் போட்டியன்று. டிசெம்பர் மாத ஆரம்பத்தில் கொழும்பு அணிக்கெதிரான ஆட்டமொன்றில் யாழ். மத்திய கல்லூரியின் மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்த் களமிறக்கப்பட்டார். வயது பத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைச் சுழற்றிப் பந்துவீசும் சுழற்பந்து வீச்சாளர். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்யூஸினுடையது. அன்றிரவு குடாநாட்டில் கைத்தொலைபேசிகள் ஓயவில்லை. அணிப் பட்டியலில் கபில்ராஜ், டினோஷன் ஆகிய வடபுல இளைஞர்களும் இருந்தனர். எனினும் பட்டியலில் இடம்பெறுவது வேறு, பதினொருவருள் ஒருவராகக் களமிறங்குவது வேறு. முன்னையது அணி உரிமையாளரின் நல்லெண்ணத்தால் கிடைக்கலாம். பின்னையது ஆட்டத்தை வெல்ல வேண்டிய தலைவரின் நம்பிக்கையால் மட்டுமே கிடைக்கும். இவ்வேறுபாட்டை நாம் அவ்வப்போது மறந்து விடுகிறோம்.

வியாஸ்காந்த் அந்த நம்பிக்கையைத் தக்க வைத்துக்கொண்டார். பின்னர் வெளிநாட்டுத் தொடர்களுக்கும் சென்றார். 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணிக்காக ஆடினார். 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிறீமியர் லீக்கில் களமிறங்கினார். காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாகவே அவர் அங்கு அழைக்கப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே அணியில், ஒரே வலைப்பயிற்சியில், நாட்டின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளருக்கு அருகில் நின்று கற்றுக்கொண்ட பிள்ளை மூன்றரை ஆண்டுகளில் அவருடைய இடத்தை நிரப்ப அழைக்கப்படுகிறார். தொழில்முறை அணியொன்று ஒரு பிரதேசத்துக்குச் செய்யக்கூடிய நன்மை இதுவே. நான்கு கிண்ணங்களைவிட இந்த ஒருவருடைய பயணத்தையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

2021இல் லண்டனைத் தளமாகக் கொண்ட லைக்கா குழுமம் அணியை வாங்கியது. ஸ்டாலியன்ஸ் கிங்ஸ் ஆனது. இறுதிக்கட்ட ஆட்டங்களின் அமைப்பும் மாற்றப்பட்டது. நேரடி அரையிறுதிகளுக்குப் பதிலாக, முதலிரு இடங்களைப் பெறும் அணிகள் முதலாவது தகுதிகாண் போட்டியில் மோதும். வென்ற அணி நேரே இறுதிக்குச் செல்லும். தோற்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. மூன்றாம், நான்காம் இடத்து அணிகளுக்கிடையிலான வெளியேற்றுப் போட்டியில் வென்ற அணியை அது இரண்டாவது தகுதிகாண் போட்டியில் சந்திக்கும். முதற்சுற்றில் நன்றாக ஆடியவர் ஒருநாள் சறுக்கலால் மட்டும் வெளியேறக்கூடாது என்பதே இதன் நியாயம். அந்த நியாயத்தின் பயனை யாழ்ப்பாணத்தைப் போல வேறெந்த அணியும் அனுபவித்ததில்லை எனலாம்.

2021இல் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற யாழ்ப்பாணம், முதலாவது தகுதிகாண் போட்டியில் காலியிடம் 64 ஓட்டங்களால் படுதோல்வி கண்டது. அடுத்த ஆட்டத்தில் அவிஷ்க பெர்னாண்டோ சதமடிக்க, தம்புள்ளையை 23 ஓட்டங்களால் வென்று இறுதிக்குள் நுழைந்தது. அங்கே காத்திருந்தது அதே காலி. யாழ்ப்பாணம் 3 விக்கெட் இழப்புக்கு 201 ஓட்டங்கள். அவிஷ்க 63, இங்கிலாந்தின் ரொம் கோலர்-கட்மோர் ஆட்டமிழக்காது 57. காலி 178 ஓட்டங்களுடன் ஓய்ந்தது. சில நாட்களுக்கு முன் தம்மை உருட்டித் தள்ளிய அணியை அதே தொடரில் மீண்டும் சந்தித்து வெல்வதற்கு வேண்டியது திறமை மட்டுமன்று. தோல்வியை ஓரிரவில் செரித்துக்கொள்ளும் பக்குவமும் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் நிலை வேறு. எரிபொருளுக்காகவும் எரிவாயுவுக்காகவும் நாடே வரிசையில் நின்ற ஆண்டு அது. நடு ஆண்டில் நடைபெறவிருந்த தொடர் பொருளாதார நெருக்கடியினால் டிசெம்பருக்குத் தள்ளிப்போடப்பட்டது. இம்முறை யாழ்ப்பாணம் நேர்வழியிலேயே இறுதிக்குச் சென்றது. கொழும்பு ஸ்டார்ஸ் நிர்ணயித்த 164 என்ற இலக்கை, நான்கு பந்துகள் மீதமிருக்க, 8 விக்கெட்டுகளை இழந்து தட்டுத் தடுமாறி எட்டியது. அவிஷ்க அரைச்சதம் கடந்தார். சதீர சமரவிக்ரம 44 ஓட்டங்களைப் பெற்றார். தொடரின் சிறந்த வீரரும் அவரே. தொடர்ந்து மூன்றாவது கிண்ணம். மூன்றுக்கும் திசர பெரேராவே தலைவர். 2023இல் இந்தச் சங்கிலி அறுந்தது. வெளியேற்றுப் போட்டியில் கண்டியிடம் தோற்றதோடு யாழ்ப்பாணத்தின் ஆட்டம் முடிந்தது. கண்டியே கிண்ணத்தையும் வென்றது.

2024இல் சரித் அசலங்கவின் தலைமையில் அணி மீண்டெழுந்த விதம் 2021இன் மறுபதிப்புப் போன்றது. முதலாவது தகுதிகாண் போட்டியில் மீண்டும் காலியிடம் தோல்வி. இரண்டாவதில் கண்டிக்கெதிராகக் குசல் மெண்டிஸ் 54 பந்துகளில் 105 ஓட்டங்களைப் பெற, யாழ்ப்பாணம் 187 ஓட்டங்களைச் சேர்த்தது. கண்டி 186 வரை வந்தது. ஒரே ஓட்டம். அந்த ஓர் ஓட்டம் மறுபக்கம் சாய்ந்திருந்தால் ரூசோவின் 106உம் இல்லை, நான்காவது கிண்ணமும் இல்லை.

இனி எமது கேள்விக்கு வருவோம். சிங்களத் தலைவர்கள், பாகிஸ்தானிய, ஆப்கானிய, தென்னாபிரிக்க வீரர்கள் ஆகியோரைக் கொண்ட அணி எப்படி யாழ்ப்பாணத்தின் அணியாகும் என்று அக்காலத்தில் சிலர் வினவினர். இவ்வினாவில் நாம் அதிகம் தங்க வேண்டியதில்லை. ராஞ்சியில் பிறந்த மகேந்திரசிங் தோனியைச் சென்னை மக்கள் தமது பிள்ளையாகவே வரித்துக்கொண்டனர். தொழில்முறை விளையாட்டில் வீரர்கள் எங்கிருந்தும் வருவர். சிங்கள இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து, அப்பெயருக்காகப் பந்தை விரட்டி ஓடுவதைத் தமிழரும் முஸ்லிம்களும் கைதட்டி வரவேற்ற காட்சியில் குறை காண்பதற்கு எதுவுமில்லை. நாட்டின் மற்றெந்த மேடையிலும் அத்தகைய காட்சியை நாம் எளிதில் கண்டதில்லை.

எனவே வீரர்களின் ஊர் ஒரு பிரச்சினையே அன்று. அணியின் ஊர்தான் பிரச்சினை. சென்னை அணிக்குச் சேப்பாக்கம் உண்டு. 2018இல் காவிரிப் பிரச்சினை தொடர்பான போராட்டங்களினால் அவ்வணி தனது சொந்த மைதான ஆட்டங்களைப் புனேக்கு மாற்ற வேண்டியேற்பட்டபோது, ரசிகர்களை ஏற்றிய தனி ரயில் ஒன்று சென்னையிலிருந்து புனே நோக்கிப் புறப்பட்டது. தமது அணி வேற்றூரில் ஆடுகிறது என்ற ஏக்கம் ஓர் ஊருக்கு எழ வேண்டுமானால், முதலில் அவ்வணி அந்த ஊரில் ஆடியிருக்க வேண்டும். நேர்மையாகக் கூறுவதாயின், இந்தக் குறை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. மின்னொளி வசதியில்லாத காரணத்தால் புகழ்பெற்ற காலி மைதானத்திலும் இந்த ஐந்து தொடர்களின் ஆட்டங்கள் நடைபெறவில்லை. ஆனால் காலியில் டெஸ்ட் போட்டிகள் நடைபெறுகின்றன. காலியின் பிள்ளைகள் உலகத்தரமான வீரர்களைத் தமது வாசலில் காண்கின்றனர். எமது பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

சேப்பாக்கத்துக்குப் பின்னால் இன்னொன்றும் உண்டு. பல பிரிவுகளைக் கொண்ட கழக மட்டப் போட்டிகள், 2016 முதல் மாவட்ட நகரங்களின் பெயரில் நடைபெறும் தமிழ்நாடு பிறீமியர் லீக் என்று கிராமத்துச் சிறுவனைப் படிப்படியாக மேலே ஏற்றிச் செல்லும் ஏணி அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏணியின் அடிப்படி மட்டுமே உறுதியானது. அது பாடசாலைத் துடுப்பாட்டம். யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான 'வடக்கின் பெரும் போர்' 1904இல் ஆரம்பமானது. புனித பத்திரிசியார் கல்லூரியும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் 'பொன் அணிகளின் போர்', யாழ். இந்துவும் கொக்குவில் இந்துவும் மோதும் 'இந்துக்களின் போர்' என ஒவ்வோராண்டும் மைதானங்கள் நிறைகின்றன. பழைய மாணவர்கள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விமானமேறி வருகின்றனர். பாண்டு வாத்தியமும் கொடிகளுமாகக் குடாநாடு களைகட்டுகிறது.

மூன்று நாட்கள் முடிந்த பின்னர்? சதமடித்த மாணவன் உயர்தரப் பரீட்சையை எழுதுகிறான். பின்னர் பல்கலைக்கழகம், வங்கி வேலை, அல்லது வெளிநாடு. துடுப்பாட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால் அவன் கொழும்புக்குச் செல்ல வேண்டும். நாட்டின் முதல்தரக் கழகங்களில் பெரும்பாலானவை அங்கும் அதன் அயலிலுமே உள்ளன. தங்குமிடம் வேண்டும், செலவுக்குப் பணம் வேண்டும், சிங்களத்தில் பயிற்றுநர் சொல்வது விளங்க வேண்டும். போரின்போது வடக்கு இளைஞன் ஒருவன் கொழும்பில் துடுப்பு மட்டையுடன் நடமாடுவதே சோதனைச் சாவடிகளைத் தாண்டும் காரியமாக இருந்தது. இன்று சாவடிகள் இல்லை. செலவும் மொழியும் தூரமும் அப்படியே இருக்கின்றன. இவற்றோடு ஆடுகளத்தின் வேறுபாடும் சேர்ந்து கொள்கிறது. நீண்டகாலம் பாய் விரித்த ஆடுகளங்களிலேயே எமது பாடசாலைத் துடுப்பாட்டம் வளர்ந்தது. பாயில் பந்து எழும்பும் விதம் வேறு, புல் ஆடுகளத்தில் எழும்பும் விதம் வேறு. பன்னிரண்டு வயதில் பழகிய கண்ணையும் காலையும் இருபது வயதில் மாற்றிக்கொள்வது எளிதன்று.

யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய தொழில்முறை அணியொன்று இந்த இடைவெளியில்தான் பயன்பட்டிருக்க வேண்டும். ஆண்டில் மூன்று வாரங்கள் தெற்கில் ஆடிவிட்டுக் கலையும் அணியாக அது இருந்தமையால் அவ்வாறு ஆகவில்லை. வியாஸ்காந்த் அந்த இடைவெளியைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருசிலரே.

இங்கு இன்னொரு விடயத்தையும் கூறியாக வேண்டும். மண்ணைப் பிரிந்து பெயரை மட்டும் சுமப்பது எமது மக்களுக்குப் புதியதன்று. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ். நகரில் வாழ்ந்தவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் வளர்ந்த அவர்களது பிள்ளைகள், தாம் ஒருபோதும் வாழ்ந்திராத யாழ்ப்பாணத்தையே தமது ஊர் என்று சொல்லி வளர்ந்தனர். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் அவ்வாறே. ஜப்னா என்ற சொல் தொலைக்காட்சித் திரையில் தோன்றியபோது இவர்கள் அனைவரும் ஒரே வேளையில் நிமிர்ந்து உட்கார்ந்தனர். மீளக் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஒஸ்மானியாக் கல்லூரியில் கற்கின்றனர். நாளை யாழ்ப்பாண அணிக்கென்று வீரர்கள் தேடப்படும்போது, அந்தத் தேடல் பெரும் போர்களை நடத்தும் நான்கைந்து புகழ்பெற்ற கல்லூரிகளின் வாயிலோடு நின்றுவிடலாகாது. ஒஸ்மானியாவுக்கும் தீவகத்துக்கும் வன்னிக்கும் மன்னாருக்கும் அது செல்ல வேண்டும்.

அந்தப் பெயரின் உரிமை எங்கே இருக்கிறது என்பதையும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். தொடரை நடத்தும் உரிமையை இலங்கை கிரிக்கெட், ஐ.பி.ஜி. என்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு வழங்கியிருந்தது. அந்நிறுவனம் ஒவ்வோர் ஊரின் பெயரையும் குறித்த காலத்துக்கு ஒவ்வொரு முதலீட்டாளருக்கு விற்றது. முதலீட்டாளர் மாறும்போது பெயரின் வாலும் மாறியது. தம்புள்ளை வைக்கிங் ஜயன்ட்ஸ் ஆகி, ஓரா ஆகி, தண்டர்ஸ் ஆகியது. 2024 மே மாதம் அதன் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டின் பேரில் கைதாக, சிக்ஸர்ஸ் என்று மீண்டும் மாறியது. கொழும்புக்கு மூன்று பெயர்கள், காலிக்கு மூன்று பெயர்கள். 2024 டிசெம்பரில் பல்லேகலையில் நடைபெற்ற பத்து ஓவர் தொடரில் யாழ்ப்பாணம் டைட்டன்ஸ் என்று வேறோர் அணியும் ஆடியது. ஆக, யாழ்ப்பாணம் என்பது விற்பனைப் பட்டியலில் ஒரு வரி. அதனை வாங்குபவர் யாழ்ப்பாணத்தைக் கண்ணாற் காண வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

உலகின் பிற இடங்களிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1967 முதல் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணி இருந்தது. 1979இல் தேசிய சம்பியன். 2008இல் உரிமையாளர்கள் அவ்வணியை ஒக்லஹோமா நகருக்குக் கொண்டு சென்றனர். 2025இல் அங்கே அது தேசிய சம்பியனாகவும் முடிசூடியது. வழக்காடிய சியாட்டில் நகரம் இறுதியில் பெற்றுக்கொண்டவற்றுள் முக்கியமானது ஒன்றுண்டு. பழைய பெயரும் நிறங்களும் அந்த நகரிலேயே இருக்க வேண்டும் என்ற உடன்பாடே அது. அணியை இழந்த ஊர் பெயரைக் காத்துக்கொண்டது. எமது பெயரைக் காக்க எமக்கு எந்த உடன்பாடும் இல்லை. அதே நாட்டின் கிறீன் பே நகரின் கதை இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழும் அச்சிறு நகரின் அமெரிக்கக் கால்பந்தாட்ட அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளால் இயங்குகிறது. இன்று பங்குதாரர்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். பங்குக்கு இலாபம் கிடையாது, இலாபத்துக்கு விற்கவும் இயலாது. ஆகவே அந்த அணியை எவரும் பெட்டி கட்டிக்கொண்டு போக முடியாது. பழைய மாணவர் சங்கங்களின் வழியாகத் தமது பாடசாலைகளுக்கு மைதானமும் மண்டபமும் கட்டிக் கொடுக்கும் பழக்கமுள்ள எமது மக்களுக்கு இது முற்றிலும் அந்நியமான முறையன்று. பெரும் தொகையைத் திரட்டுவது கடினம் என்பது உண்மை. ஆனால் உரிமத்தில் சிறு பங்கேனும் மக்களிடம் இருந்தால், ஒப்பந்தம் முறியும் நாளில் கேள்வி கேட்க ஒருவர் இருப்பார்.

மைதானத்தைப் பொறுத்தவரை ஒரு நகர்வு ஏற்பட்டது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் யாழ்ப்பாண சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். பண்ணைக் கடல்வழிப் பாதையால் நகரிலிருந்து சில நிமிடங்களில் எட்டக்கூடிய இடம். வரவேற்கிறோம். அதேவேளை, பரவைக் கடலும் கண்டல் தாவரங்களும் சூழ்ந்த தாழ்நிலமொன்றில் பெருங்கட்டடம் எழுப்பப்படும்போது நீரோட்டத்துக்கும் மீனவரின் தொழிலுக்கும் என்ன நேரும் என்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, அந்த ஆய்வை மக்கள் முன் வைக்க வேண்டியது அவசியமாகும். அடிக்கல்லுக்கும் முதற்பந்துக்கும் இடையிலான தூரம் இந்நாட்டில் எவ்வளவு நீண்டது என்பதையும் நாம் அறிவோம். 2025 இறுதியில் நடைபெறவிருந்த ஆறாவது லங்கா பிறீமியர் லீக், 2026 உலகக் கிண்ணத்துக்காக மைதானங்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்ற காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாறு தயார்ப்படுத்தப்பட வேண்டிய மைதானங்களின் பட்டியலில் வடக்கின் மைதானம் எதுவும் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் என்ற பெயரை அடுத்து எவர் வாங்கினாலும், அந்த ஒப்பந்தம் எழுதப்படும் மேசையில் யாழ். மாவட்டத் துடுப்பாட்டச் சங்கமும் வட மாகாணக் கல்வித் திணைக்களமும் இடம் கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் களமிறங்கும் பதினொருவருள் வடக்கில் கற்ற ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற விதியைக் கேட்கலாம். ஒருவர் என்பது அதிகமன்று. தொடருக்கு முன்னதாக இரு வாரப் பயிற்சி முகாமை யாழ்ப்பாணத்தில் நடத்துவதற்கு நாற்பதாயிரம் ஆசனங்கள் கொண்ட அரங்கம் தேவையில்லை. நல்ல புல் ஆடுகளங்கள் இரண்டும் வலைகளும் போதும். அந்த வலைகளுக்கு வெளியே நின்று, அடுத்த ரூசோ தனது காலை எங்கே ஊன்றுகிறார் என்று பார்க்கும் வாய்ப்பு கொக்குவிலிலும் சோனகத்தெருவிலும் வேலணையிலும் உள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும். உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதி வடக்கின் பாடசாலை ஆடுகளங்களுக்குச் செல்ல வேண்டும் என்பதை எழுத்தில் பெற வேண்டும், வாய்மொழியில் அன்று.